உப்புப் பார்த்த நாக்கு

கறிக்கடை வீட்டில் பூனை வளர்த்தால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. கறியைத் திருடும் என்றார்கள். அது திருடவில்லை. கடை முழுக்க ரோமம் பறக்கும் என்றார்கள். அது மாடியை விட்டு இறங்கியதே இல்லை. கடைசியில் அதன் தலையில் ஒரு வியாதியைக் கட்டி அனுப்பிவைத்த பிறகுதான் தெரு நிம்மதியாக மூச்சு விட்டது. நாங்கள் சொன்னது நடந்துவிட்டதல்லவா, அந்தத் திருப்தி.

கீழே கடை, கடைக்குப் பின்னால் கறி அரைக்கிற அறை, மேலே குடியிருப்பு. கடைக்காரம்மாவின் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தொழில் அந்த அம்மாவின் கைக்கு வந்தது. உண்மையில் அவர் உயிரோடு இருந்தபோதும் அந்த அம்மாவின் கையில்தான் இருந்தது. இப்போது ஒளிக்கவேண்டிய அவசியமில்லை, அவ்வளவுதான். மகன் வெட்டுவான். மகள், புருஷனோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்தவள், கல்லாவில் உட்காருவாள். தெருவே அவளைக் கல்லா அக்கா என்றுதான் கூப்பிடும்.

அந்தக் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கறி உருண்டை. ஆட்டின் கழுத்துக்கறியும் தோள்கறியும், கொழுப்போடு, இரண்டு தடவை இயந்திரத்தில் விட்டு அரைத்து, வெங்காயம், பூண்டு, மிளகு, நனைத்துப் பிழிந்த ரொட்டி எல்லாம் போட்டு, பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் முழங்கை வரை விட்டுப் பிசைவார்கள். உருட்டித் தட்டில் அடுக்கினால் விடிந்த கையோடு வரிசை நிற்கும். 'ஐஸ் பார்க்காத கறி' என்று வாசலில் ஒரு பலகை. ஐஸ் பார்க்காததில் என்ன பெருமை என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. பலகையில் எழுதியிருந்தால் பெருமையாகத்தான் இருக்கும்.

உருண்டையின் உயிர் உப்பில் இருக்கிறது. பிசைந்ததை ஒரு சிட்டிகை எடுத்து வாணலியில் போட்டு, வெந்த பிறகு வாயில் வைத்து உப்புப் பார்ப்பதுதான் ஊரில் மற்ற கடைகளின் வழக்கம். கடைக்காரம்மாவுக்கு அது கேவலம். "வறுத்துப் பார்த்து உப்பு சொல்றதுக்கு வழியில போறவன் போதும்," என்பார். பச்சையாகப் பட்டாணி அளவு எடுத்து, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து, கண்ணை மூடி ஒரு கணம், பக்கத்துச் சாக்கடை வாயில் துப்பு, தீர்ப்பு. அந்தக் குடும்பம் அப்படித்தான் மூன்று தலைமுறையாக உப்புப் பார்த்தது. கடைக்காரம்மா யாராவது பார்த்தால் துப்புவார், யாரும் பார்க்காவிட்டால் விழுங்கிவிடுவார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்து வீடான எங்கள் சமையலறைச் சன்னல் கறி அரைக்கிற அந்த அறைக்கு நேராக இருக்கிறது. சன்னலை நான் வைக்கவில்லை.

இந்த வீட்டுக்குத்தான் மருமகள் வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் சில்லு தேய்த்துப் பொருத்துகிற வேலையில் இருந்தவள். கறிக்கடை மகனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று போய், கண்ணாடியோடு பெண்ணையும் பார்த்துக்கொண்டு வந்துவிட்டான். கடைக்காரம்மா கல்யாணத்துக்குச் சம்மதித்தது போலவும் இல்லை, மறுத்தது போலவும் இல்லை. எடை போடும்போது தராசு முள் நடுவில் நிற்குமே, அப்படி நின்றார். மருமகள் இரண்டு பெட்டியும் ஒரு கூடையும் கொண்டு வந்து இறங்கினாள். கூடைக்குள் பூனை. சாம்பல் நிறம், தடித்த கழுத்து, யாரையும் மதிக்காத முகம். மாடிச் சன்னலில் உட்கார்ந்து கீழே வரிசையில் நிற்பவர்களை மேற்பார்வை பார்க்கும். அதனால் மேனேஜர் என்று பெயர் வந்தது. கறிக்கடை வீட்டில் இருந்துகொண்டு வேகவைத்ததை மட்டுமே தின்கிற பூனையை நாங்கள் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. மருமகள் அப்படிப் பழக்கியிருந்தாள். அதன் கழிப்புக்கு ஒரு தட்டில் மணல். அந்த மணலைத் தினமும் அவளே அள்ளிக் கட்டிக் குப்பையில் போடுவாள்.

ஆரம்பத்தில் அந்த வீட்டில் அவளுக்கு இருந்த மரியாதை பூனைக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் கம்மி. "கண்ணாடிக்காரி" என்பார் மாமியார், அவள் காதில் விழுகிற மாதிரி. அது மாறியது நாக்கால்.

கடைக்காரம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொண்டே போனதில் நாக்கு தன் கணக்கை மறந்துவிட்டது. ஒருநாள் உருண்டை கடல் தண்ணீர் மாதிரி இருந்தது, மறுநாள் வைக்கோல் மாதிரி. வாங்கியவர்கள் நேரில் சொல்லமாட்டார்கள். தெருமுனைக்குப் போய்ச் சொல்வார்கள். கல்லா அக்காவும் மகனும் நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஒருத்திக்கு எல்லாம் உப்பு, ஒருத்தனுக்கு எதுவுமே உப்பில்லை. அப்படியிருக்க ஒரு காலையில் மருமகள் டீ எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"அத்தை, உப்பு கம்மி," என்றாள். "மிளகு ஒரு பக்கமாவே நிக்குது. இன்னும் பிசையணும்."

"நீ எப்ப நாக்கில வெச்ச?"

"நீங்க வெங்காயத்துக்குத் திரும்பினப்ப."

கடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பிடி உப்பைப் போட்டுப் பிசைந்து, ஒரு சிட்டிகை எடுத்து, தன் விரலாலேயே அவள் வாய்க்கு நேராக நீட்டினார். அன்றைய உருண்டையைத் தின்றுவிட்டு எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் பழைய காலம் திரும்பிவிட்டது என்றார். அவருக்கு எதைத் தின்றாலும் பழைய காலம்தான். ஆனால் அன்று அது சரி.

மறுநாளிலிருந்து தாம்பாளத்துக்குப் பக்கத்தில் மருமகளுக்கு ஒரு நாற்காலி. கண்ணாடிக்காரி என்ற பேச்சு நின்றது. வருகிறவர்களிடம் "எங்க வீட்டு நாக்கு" என்று அவளைக் காட்டுவார் மாமியார். அவளும் நாற்காலியில் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காரக் கற்றுக்கொண்டாள். மரியாதை ஒரு ருசி. அதைப் பழகின பிறகு விடுவது கஷ்டம்.

பிறகு அவள் உண்டானாள்.

முதல் தடவை டாக்டரம்மாவிடம் போனபோது துணைக்குப் போனது கல்லா அக்கா. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வேறு எல்லாம் சரி, ஒன்று மட்டும் சொல்லவேண்டியிருக்கிறது என்றாராம். டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்று ஒன்று. சாதாரண ஆட்களுக்கு வந்தால் வந்ததே தெரியாமல் போய்விடும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது முதல் தடவையாக வந்தால்தான் வினை. பிள்ளையின் கண்ணையும் மூளையையும் தொடலாம். இவளுக்கு இதற்கு முன் வந்ததில்லை என்று ரத்தம் சொல்கிறது. முன்பே வந்து போயிருந்தால் உடம்பில் எதிர்ப்பு இருந்திருக்கும். இல்லாததால் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

இந்த இடத்தைக் கல்லா அக்கா எங்களிடம் விவரித்தபோது தெருவுக்குப் புரியவே இல்லை. வராத வியாதிக்கு எதற்குப் பயம் என்று இஸ்திரிக் கடைக்காரர் கேட்டார். வந்திருந்தால் நல்லதாம், வராததால் ஆபத்தாம், இதற்குப் பணம் வேறு வாங்குகிறார்களா என்று வாத்தியார் சிரித்தார். அக்கா கையை ஆட்டி அவர்களை அடக்கிவிட்டு விஷயத்துக்கு வந்தாள்: "பூனை கிட்ட இருந்துதான் வருமாம்."

டாக்டரம்மா மூன்று சொல்லியிருந்தார். பூனையின் மலம், பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்கிற கறி, மண்ணும் கழுவாத காய்கறியும். மூன்றையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். முதல் சொல் காதில் விழுந்ததும் அக்காவின் காது கடையைச் சாத்திக்கொண்டது. அன்று மாலைக்குள் அந்த வியாதிக்கு எங்கள் தெருவில் 'பூனை வியாதி' என்று பெயர் வைத்து முடித்தாகிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பெயரே மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர்கள் வீட்டில் பஞ்சாயத்து. எங்கள் சுவரும் அவர்கள் சுவரும் ஒரே சுவர். கேட்கவேண்டும் என்று நான் கேட்பதில்லை, சுவர் அப்படி.

மருமகள்தான் ஆரம்பித்தாள். "பூனையைத் தொடறதுல ஒண்ணும் இல்லையாம். வெளிய போகாத பூனை, வேகவெச்சதைத் தின்னுற பூனைன்னா பயம் ரொம்பக் கம்மியாம். அந்த மணலை மட்டும் நான் தொடக் கூடாது. வேற யாராவது தினமும் அள்ளிப் போட்டா போதும்னு சொன்னாங்க. ஒருநாள் விடக் கூடாது. கிடந்தாதான் கிருமி ஆளாகுமாம்."

"யாரு அள்ளுறது?" என்றார் கடைக்காரம்மா.

மகன் முந்திக்கொண்டான். "எனக்கு அந்த வாடை ஆகாது."

"குடல் அலசுறீங்களே."

"அது தொழில்."

"இது குடும்பம்ங்க."

வாதத்தில் மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளைகள் செய்வது மாதிரி அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். தினமும் காலையில் வாளி வாளியாக ஆட்டுக்குடலைத் திருப்பி, சாணத்தைப் பிதுக்கி, நகக்கண் வரை பச்சையாக நிற்கிறவன். அவனுக்குப் பூனை மணல் அருவருப்பு. கல்லா அக்கா, தான் காசு தொடுகிற கை என்று சொன்னாள். உலகத்தில் காசைப் போல அசுத்தம் வேறு ஒன்று உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கடைக்காரம்மா தீர்த்தார்.

"பூனைக்கு வேலைக்காரி வெக்கிற வீடு இது இல்லம்மா."

"டாக்டர் பச்சைக்கறியும் சொன்னாங்க அத்தை."

"இங்க யாரு பச்சைக்கறி தின்னா? நாம என்ன ஓநாயா?"

"நான் உப்புப் பார்க்கிறேனே."

"அது திங்கறதா? நாக்கில வெச்சுத் துப்புறது. இதுங்க ரெண்டையும் வயித்தில வெச்சுக்கிட்டு நான் அப்படித்தான் பார்த்தேன். ரெண்டும் இப்ப என்ன கண்ணு தெரியாமயா நிக்குது?"

இரண்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றன. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்பதில்லை, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

"உனக்குப் பயமா இருந்தா விட்டுடு," என்றார் கடைக்காரம்மா, குரலை மெத்தென்று வைத்துக்கொண்டு. "நாக்கு ஒண்ணுதானே, வேற எங்கயாவது தேடிக்கிறேன்."

மருமகள் என்ன யோசித்தாள் என்று எனக்கு அப்போதே தெரியும். நாற்காலியை யோசித்தாள். 'கண்ணாடிக்காரி' என்ற சொல்லை யோசித்தாள். சில்லில் மயிரளவு கீறலைக் கண்டுபிடித்துத் தூக்கிப் போடுகிறவள், டாக்டரம்மா சொன்னதில் எந்தப் பாதி தன் வாய்க்குள் போகிறது என்று நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இல்ல அத்தை. நானே பார்க்கிறேன். துப்பிடறேன்ல."

பூனை போனது. தெருவே வாசலில் நின்றது. அது வந்த அதே கூடையில் வைத்து மகன் சைக்கிளில் கட்டினான். கூடை இடுக்கில் மேனேஜர் எங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனது. அந்தப் பார்வையை நான் வேறு சில இடங்களில் வாங்கியிருக்கிறேன். பெரும்பாலும் அதற்கு நான் தகுதியானவள்தான். ஊருக்கு வெளியே கோழித்தீவனக் கிடங்கு ஒன்று. அதன் காவலாளி மகனுக்குப் பழக்கம். எலித்தொல்லை அதிகம், பூனை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். ஏழு வருஷம் எலியைக் கண்ணால் பார்க்காமல் வளர்ந்த பூனையை எலிக்கூட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த முகத்தோடு மகன் திரும்பி வந்தான்.

பிறகு சுத்தம் நடந்தது. அப்படி ஒரு சுத்தத்தை அந்த வீடு கட்டின நாளிலிருந்து கண்டதில்லை. திரைச்சீலைகளைக் கொதிக்கவைத்தார்கள். பூனை படுத்த மெத்தையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் புகை எங்கள் துணியில் எல்லாம் ஏறியது. பினாயில் வாடை கறி வாடையை அமுக்கிவிட்டது. கல்லா அக்கா சன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தெருவும் சும்மா இருக்கவில்லை. மதில்மேல் ஒரு பூனை நடந்துபோனால் இஸ்திரிக் கடைக்காரர் பெண்சாதி உள்ளே போய்க் கை கழுவினாள். வாத்தியார் போனில் என்னத்தையோ படித்துவிட்டு, பூனை மூச்சுக்காற்றில் வரும் என்று ஒரு வாரம் பிரசங்கம் செய்தார். அதே வாத்தியார்தான் தோட்டத்தில் காரட்டைப் பிடுங்கி வேட்டியில் துடைத்துக் கடித்துக்கொண்டே பேசுவார். அதே நாங்கள்தான் அந்தக் கடை உருண்டை நடுவில் கொஞ்சம் சிவப்பாக இருந்தால்தான் ருசி என்று சொல்லி வாங்கித் தின்றுகொண்டிருந்தோம்.

தாம்பாளத்தைப் பினாயில் போட்டு யாரும் கழுவவில்லை. அது சுத்தமான இடமாயிற்றே.

காலையில் மருமகள் நாற்காலியில் உட்காருவாள். வாய்க்குமட்டல் இருந்த மாதங்களில்கூட விடவில்லை. உண்டானவளுக்கு நாக்கு இன்னும் கூர்மை என்று மாமியார் எல்லோரிடமும் சொன்னார். அது என்னவோ நிஜம்தான் போலிருக்கிறது. அந்த மாதங்களில் உருண்டைக்கு உப்பு ஒருநாளும் பிசகவில்லை. வரிசை தெருமுனை திரும்பி நின்றது. ஒரு சிட்டிகை, ஒரு அழுத்து, துப்பு. சில நாள் குமட்டிக்கொண்டு வரும். துப்ப வாயைத் திறந்தால் எல்லாமே வந்துவிடும் என்று விழுங்கிவிடுவாள். சன்னலிலிருந்து நான் பார்த்தேன். அப்போது எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பூனைதான் போய்விட்டதே.

வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த சமயத்தில் அவள் கழுத்தில் நெறி கட்டியது. காதுக்குக் கீழே, உருட்டினால் உருளுகிற மாதிரி. உடம்பு அசதி, லேசாகக் காய்ச்சல். "மழைத்தண்ணி ஆகல," என்று கடைக்காரம்மா வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளிக்கச் சொன்னார். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் உப்புதான். அசதி போகாததால் குறித்த தேதிக்கு முன்னாலேயே டாக்டரம்மாவிடம் போனார்கள். மறுபடி ரத்தம். முடிவு வந்த அன்று மகன், கல்லா அக்கா, மருமகள் மூவரும் போனார்கள். அங்கே நடந்ததை அக்கா சொல்லித்தான் கேட்டேன். அவள் தன்னைக் கெட்டிக்காரியாகக் காட்டிக்கொண்ட இடங்களைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

கிருமி வந்துவிட்டது. புதிதாக, இந்த மாதங்களுக்குள்.

"பூனைய அப்பவே அனுப்பிட்டோமே டாக்டர்," என்றான் மகன்.

"எப்ப?"

"நீங்க சொன்ன மறுநாளே."

"நான் அனுப்பச் சொல்லலையே." டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தாராம். "அப்ப இது அந்தப் பூனையால வந்திருக்க வாய்ப்பில்ல."

கல்லா அக்கா இங்கே குறுக்கே புகுந்து, மெத்தையை எரித்தாலும் முடி எங்காவது ஒட்டியிருக்கும் என்றிருக்கிறாள். முடியில் ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. தோட்டவேலை செய்தாளா? இல்லை. வெளியில் எங்காவது சாப்பிட்டாளா? இல்லை. பச்சைக்கறி, வேகாத கறி?

"எங்க வீட்டில யாரும் அப்படித் திங்க மாட்டோம்," என்றான் மகன். கொஞ்சம் ரோஷத்தோடுதான் சொன்னானாம். "தொழிலே அதுதான். எங்களுக்குத் தெரியாதா?"

மருமகள் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உப்புப் பார்ப்பேன் டாக்டர்."

"என்ன?"

"அரைச்ச கறியில. தினமும் காலையில. நாக்கில வெச்சு. துப்பிடுவேன்." கொஞ்சம் நிறுத்தி, "எப்பவாவது முழுங்கிடுவேன்."

டாக்டரம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள் அக்கா. அவர் திட்டவில்லை. மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாராம். பிறகு, "நான் பச்சைக்கறின்னு சொன்னப்ப இது ஞாபகம் வரலையா?" என்று மட்டும் கேட்டாராம்.

"வந்துச்சு," என்றாள் மருமகள்.

மகன் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினானாம். வீட்டில் அவள் சொன்னபோது அவனும் அதே அறையில்தான் இருந்தான். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வயிற்று நீரை ஊசியில் எடுத்தார்கள். அந்த முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் அந்த வீட்டுச் சுவர் எனக்கு ஒன்றுமே தரவில்லை. கறி வெட்டுகிற சத்தம்கூடத் தாழ்ந்து கேட்டது. கடைக்காரம்மா மட்டும் இரண்டு தடவை வாசலில் வந்து, காலம் கெட்டுப்போச்சு, கறியிலயே இப்ப என்னென்னவோ வருது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். குற்றம் பூனையை விட்டு ஆட்டுக்கு நகர்ந்திருந்தது. அதைத் தாண்டி நகர்த்த அவர் தயாராக இல்லை.

நீரில் கிருமி தெரியவில்லை. பிள்ளைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்றார்கள். போலிருக்கிறதுதான். மாத்திரையை விடக் கூடாது, அடிக்கடி படம் பிடித்துப் பார்க்கவேண்டும், பிறந்த பிறகு கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், வருஷக்கணக்கில்.

மறுநாள் காலை சன்னலில் நான் இருந்தேன். பால் பொங்கிவிடக் கூடாதே என்றுதான்.

தாம்பாளத்தில் கறி பிசைந்தாகிவிட்டது. வாசலில் வரிசை. மருமகள் படியிறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைக்காரம்மா, இத்தனை நடந்த பிறகும், கை பழகிய வழியில் ஒரு சிட்டிகை எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினார். நீட்டின பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே அந்தரத்தில் நின்றது.

மருமகள் அந்தச் சிட்டிகையை மாமியார் விரலிலிருந்து தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்து வாணலியை ஏற்றினாள். எண்ணெய் சொட்டு விட்டுக் கறியைத் தட்டிப் போட்டாள். நன்றாகக் கருகும் பதம் வரும்வரை விட்டாள். வாசனை வாசலுக்குப் போனது.

"வறுத்தா பார்க்கிறீங்க?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். வாத்தியார்தான்.

கடைக்காரம்மாவின் முகம் சுருங்கியது. "அடுப்பை அணை," என்றார், பல்லுக்கு நடுவில். "வறுத்துப் பார்க்கிற கடைன்னு பேர் ஆயிடும்."

"ஆகட்டும் அத்தை."

ஊதி ஆறவைத்துத் தின்றாள். விழுங்கினாள். "உப்பு சரியா இருக்கு," என்றாள் வரிசைக்குக் கேட்கிற மாதிரி. பிறகு புருஷன் பக்கம் திரும்பி, அதே குரலில், சாயந்தரம் கிடங்குக்குப் போய் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

"அது அங்க எலி தின்னுக்கிட்டிருக்கும்," என்றான் அவன். "இப்பதானே அது நிஜமாவே ஆபத்து?"

"எனக்கு இனிமே இல்ல. ஒரு தடவை வந்துட்டா திரும்ப வராதுன்னு கேட்டுட்டேன். நீங்க கை கழுவிக்குங்க."

"நான் எதுக்கு?"

"மணலை நீங்கதானே அள்ளப் போறீங்க."

மேனேஜர் திரும்பி வந்தது. காது நுனி கிழிந்திருந்தது. முகத்தில் முன்பு இருந்த அலட்சியம் இரண்டு மடங்காகியிருந்தது. மகன் தினமும் காலையில், குடல் வாளிக்கு முன்னால், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கைக்கு உறை மாட்டிக்கொண்டு, பாம்பைப் பிடிப்பதுபோல அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவான். திரும்பி வந்து உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்கையைக் குடலுக்குள் விடுவான். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவனுக்குக் கேட்கிற மாதிரி சிரிக்கவில்லை.

தெரு என்ன சொன்னது என்றால், உருண்டையில் பழைய ருசி போய்விட்டது என்றது. அதே கறி, அதே கை, அதே நாக்கு. வறுத்துப் பார்த்தார்கள் என்று தெரிந்தவுடன் ருசி போய்விட்டது. பூனை வேறு மறுபடி சன்னலில் உட்கார்ந்திருக்கிறது. தெரு இதை எப்படி மன்னிக்கும். இருந்தாலும் வரிசை குறையவில்லை. ருசி போய்விட்டது என்று சொல்வதற்காவது வாங்கவேண்டியிருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். குரல் எனக்குச் சுவர் வழியாகவே தெரியும். ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். கண் டாக்டர் சொட்டுமருந்து விட்டு, விளக்கடித்து, இரண்டு கண்ணின் உள்ளேயும் போய்ப் பார்த்தார். ஆயுளில் எத்தனையோ பேர் கண்ணுக்குச் சில்லு பொருத்திக் கொடுத்தவள், அந்த அறையில் நிற்கமுடியாமல் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று கல்லா அக்கா சொன்னாள். இதில் கழிக்க ஒன்றுமில்லை, அப்படியே சொல்கிறேன். தழும்பு எதுவும் இல்லை. மூன்று மாதம் கழித்து வரவேண்டும். பிறகு மறுபடி. பிறகு மறுபடி.

மூன்று மாதப் பரிசோதனையும் நல்லபடி முடிந்து வந்த மறுநாள் காலை கடைக்காரம்மா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவாசலில் நின்றார். வரிசை முழுக்கக் குழந்தையின் கண்ணை எட்டிப் பார்த்தது. எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்.

"அன்னிக்கே யோசிக்காம பூனையைத் துரத்தினேன் பாருங்க. அதனாலதான் என் பேத்தி தப்பிச்சா."

வாத்தியார் தலையை ஆட்டினார். இஸ்திரிக் கடைக்காரர் பெண்சாதி, பெரியவங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும் என்றாள். அவர்கள் தலைக்கு நேர் மேலே சன்னலில் மேனேஜர் உட்கார்ந்து வாலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே மருமகள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் காதில் விழுந்தது. விழாமல் இருக்க வழியில்லை. வெந்த துண்டை வாணலியிலிருந்து ஒரு கரண்டியில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஊதி ஆறவைத்தாள்.

"அத்தை, இன்னிக்கு நீங்க பாருங்க. உங்க நாக்குக்கு அப்புறம்தான் என்னோடது."

கடைக்காரம்மாவுக்கு அந்த வார்த்தை குளிர்ந்தது. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு வாயைத் திறந்தார். மென்றார். பழைய வழக்கப்படி கண்ணை மூடினார். வரிசை பேச்சை நிறுத்திக் காத்திருந்தது.

"கச்சிதம்," என்றார்.

மருமகள் சரி என்று தலையசைத்தாள். திரும்பிப் போய், எல்லோரும் பார்க்க, உப்புச் சாடியைத் திறந்து, அதுவரை ஒரு கல் உப்பும் விழாத தாம்பாளத்துக் கறியில் அன்றைக்கு உண்டான உப்பு முழுவதையும் கொட்டிப் பிசைய ஆரம்பித்தாள்.